முறைக்காரி சொன்ன நண்டுக் கதை

“மூணு நாளா ஒரு நண்டு என் சுண்டு விரலக் கவ்விக்கிட்டுத் தொங்கிச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்துல நின்னு பாடினவ சொல்லித்தான் எனக்கே தெரியும்” என்றாள் உனைசி.

மீன் கம்பெனி வாசலில் காலை ஷிஃப்டுக்குக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். உள்ளே இருபத்தேழு வருடம் மீன் அறுத்து ஓய்வு பெற்ற உனைசி, இப்போது அதே வாசலில் டீயும் பன்னும் விற்கிறாள்.

“அந்த நண்டு என்னாச்சு?” என்றாள் அவர்களில் ஒருத்தியான கெலேரா.

“பாவம், பட்டினியில செத்துச்சு. என் விரல்ல என்ன சத்து இருக்கு?”

“உன் ஊர்க்காரிங்க வாயத் தொறந்தாலே பொய்தான்.”

“உன் ஊர்க்காரி தலையில தேங்கா விழுந்தா தேங்காய்க்குத்தான் அடிபடும். போடி உள்ள.”

இரண்டு ஊரும் கேலி முறை ஊர்கள். மூதாதை ஒருவரே என்பதால் ஒருத்தி என்ன சொன்னாலும் மற்றவள் கோபப்படக் கூடாது. முறைக்காரி சொல்வதை நம்புவதும் இல்லை. தீவில் எல்லோருக்கும் இது தெரியும். தலைநகரம் சுவாவிலிருந்து வந்து படம் எடுத்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் கை மரத்துப்போகும் பெண்களைப் பற்றிய படம். நண்டுக் கதையை அப்படியே சேர்த்து, பின்னால் வயலின் வாசிக்க விட்டிருந்தார்கள். சர்ச் கூடத்தில் படம் ஓடியபோது சுவா விருந்தாளிகள் கண்ணைத் துடைத்தார்கள். ஊர்ப் பெண்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து மீன் வாங்குகிறவர்கள் படத்தைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. படம் பொய் என்று கம்பெனி ஒரு கடிதம் தயார் செய்தது. மீன் அறுக்கும் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் வரிசைக்குக் கெலேரா. போட்டால், கெட்டிக் கையுறையும் கை சூடாக்கிக்கொள்ளும் இடைவேளையும் கேட்டுப் பெண்கள் கொடுத்த மனு அதோடு முடிந்தது. போடாவிட்டால் வாங்குகிறவர்கள் போய்விடலாம், கம்பெனிக் கதவும் பூட்டப்படலாம்.

கெலேரா அவசரப்படவில்லை. பாதிரியார் வீட்டில் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பனிப்புகை மூட்டமாகக் காட்டிய இடம் மீன் அறுக்கும் கூடமே இல்லை, ஐஸ் கொட்டகை. படத்தில் அழுத பெண் கத்தியே பிடித்ததில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டாள்.

“கை மரத்துப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தியும் வந்ததில்ல. வலிச்சாத்தானே வருவாங்க?”

கெலேரா முதல் பாதியை மட்டும் குறித்துக்கொண்டாள். வரிசையில் நிற்கும் பதின்மூன்று பேரையும் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின.

கடைசியாக உனைசி. “கேலிய விட்டுட்டுச் சொல்லு. உன் கை மரத்துச்சா?”

உனைசி டீயை ஆற்றினாள். “உங்கிட்ட நிஜம் சொன்னா நீ நம்பவா போற? நமக்கு முறை அப்படி.”

புதன்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போடுவதாகக் கெலேரா சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பெல்ட்டில் போன வெள்ளை மீன் துண்டு ஒன்றில் சிவப்புக் கோடு தெரிந்தது. அடுத்த துண்டு முழுக்கச் சிவப்பு. சூப்பர்வைசர் இசிமேலி பெல்ட்டை நிறுத்தினார்.

“யாருக்கு வெட்டு?”



பதினாலு பெண்களும் கைகளைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்கள், யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல. கெலேரா இடப்பக்கத்துக்காரியின் கையைப் பார்த்தாள், அதற்கடுத்தவள் கையைப் பார்த்தாள்.

“கெலேரா, உன்னோடது” என்றாள் வலப்பக்கம் நின்ற செரியானா.

இடது கட்டைவிரலில் கையுறை கிழிந்து ரத்தம் சொட்டியது. கழற்றினாள். எலும்பு தெரிந்தது. அழுத்திப் பார்த்தாள். வலியே தெரியவில்லை.

கட்டுப் போட்டு முடித்ததும், பெல்ட் நின்ற காரணத்தை எழுதும் நோட்டோடு இசிமேலி வந்தார். “பெல்ட் பதினோரு நிமிஷம் நின்னிருக்கு. உன் பேர எழுதினா கவனக்குறைவுன்னுதான் போடணும். மத்தியானம் நீ கையெழுத்து வேற போடணும். மீன் ரத்தம்னு எழுதிடட்டுமா?”

அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பேரும் இன்னும் கைகளை இறக்கவில்லை.

“லெட்டர வேற யார்கிட்டயாவது குடுங்க சார்” என்றாள் கெலேரா. “நோட்டுல என் பேரையே எழுதுங்க. நடந்தது எனக்குத்தான்.”