ஊதாவை மறைத்த மஞ்சள்

பிரிசில்லா கம்பியை நெருப்பில் காட்டினாள். மறுபடியும் மஞ்சள்!

"என்னம்மா, சோடியம்னு எழுதிக்கவா?" என்றார் பேராசிரியர் கலியமூர்த்தி.

சிதம்பரத்தில் இருந்த அந்தத் தனியார் கல்லூரிக்கு, ஆய்வக உதவியாளர் வேலை கேட்டுக் கடலூரிலிருந்து வந்திருந்தாள் அவள். தேர்வில் ஒரே கேள்விதான்: புட்டியில் உள்ள வெள்ளைத் தூளில் இருப்பது என்ன உலோகம்? தவறினால் வேலை அடுத்தவருக்கு.

"ஒரு நிமிஷம் சார்!"

மஞ்சள் சோடியத்தின் நிறம்தான். ஆனால், தூளைத் தொடும் முன்பே வெறும் கம்பியும் மஞ்சளாகத்தானே எரிந்தது! அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்த கம்பி. அதற்கப்புறம் அதன் நுனி வளையத்தை விரலால் அழுத்திச் சரிசெய்தாள்...

விரல்!

ஜன்னலுக்கு ஓடினாள். வராந்தாவில் அவள் கணவன் சித்தார்த் செல்போனில் மூழ்கியிருந்தான்.

"மாமா! பஸ்ல குடுத்தீங்களே முந்திரி, அதுல உப்பு போட்டிருந்தாங்களா?"

"உப்பு, காரம் ரெண்டும்! பண்ருட்டி சரக்காச்சே. ஏன், பசிக்குதா? இன்னும் கெடக்கு."

"அய்யோ, நீங்க ஒண்ணு!"

கலியமூர்த்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரிம்மா, கையில ஒட்டின உப்பு இவ்ளோ மஞ்சள் காட்டுமா?"

"காட்டும் சார். ஒவ்வொரு அணுவுலயும் எலக்ட்ரானுக்குன்னு படிங்க இருக்கு. சூடு பட்டா மேல் படிக்குத் தாவும். கீழ எறங்கறப்ப, வாங்கின சக்திய வெளிச்சமா விட்டுடும். படியோட உயரம் அணுவுக்கு அணு வேற. அதான் நெறமும் வேற. இதுல சோடியத்துக்குச் சத்தம் ஜாஸ்தி சார். அது பேசினா மத்தவங்க பேசறது கேக்காது."

சோப்பு போட்டுக் கை கழுவினாள். புதுக் கம்பியை இடுக்கியால் எடுத்து, அமிலத்தில் முக்கி நெருப்பில் காட்டினாள். நிறமே இல்லை. பிறகு தூளில் தொட்டுக் காட்டினாள்.

மெல்லிய ஊதா!

வெளிச்சத்தை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியில் கண் வைத்தாள். ஓர் ஓரத்தில் அடர்சிவப்புக் கோடு. எதிர் ஓரத்தில் ஊதாக் கோடு.

"பொட்டாசியம் சார்! சரியா?"

அவரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சரிதான். இப்பத்தான் எனக்கே தெரியுது."

"சார்?"

"போன மழையில தண்ணி பூந்து லேபிளெல்லாம் ஊறிப்போச்சும்மா. அந்த அலமாரி பூரா என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க."

பிரிசில்லா அலமாரியைத் திறந்தாள். பெயரில்லாத புட்டிகள் வரிசையாக நின்றன.

"திங்கக்கிழமை எதுக்கு சார்? கைதான் கழுவியாச்சே. அடுத்த புட்டிய எடுங்க!"