சரீப் நானா வீடு பார்த்த கதை

கிண்ணியாப் பக்கத்தில் மாப்பிள்ளையின் வாப்பா பெண்ணைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் வீட்டைத்தான் வந்து பார்ப்பார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பது ஊர் வழக்கம். பூச்சு முடிந்ததா, கூரை ஏறியதா என்று தெரியாமல் பேச்சு ஓரடி நகராது. இது சரீப்புக்குத் தெரியாததல்ல. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற மனிதனுக்கு அந்த நேரத்தில் ஊர் வழக்கமா நினைவுக்கு வரும்?

சரீப் திருகோணமலைத் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியவர். பாதிச் சீமெந்தையும் அதோடு பீடிப் புகையையும் தன் நெஞ்சுக்குள்ளேயே இறக்கிவிட்டதாக அவரே பகிடி விடுவார். அது பகிடி விட முடிந்த காலம். இப்போது மூச்சை அடைக்கிற முட்டு வருத்தம் முற்றிப்போய், சொந்த ஊரான மூதூரை விட்டுக் கிண்ணியாவில் இளைய மகள் பஸ்னாவின் வீட்டோடு வந்துவிட்டார். புது ஊர்ப் பள்ளிவாசலில் தொழப் போன முதல் நாளே இருமல் வந்தது. பக்கத்தில் நின்றவர் மெல்ல ஒதுங்கினார். கொரோனா வந்து போனதிலிருந்து இருமுகிறவனைக் கண்டால் சனத்துக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. அன்றோடு சரீப் பள்ளிக்குப் போவதை விட்டார். வீட்டிலேயே தொழுதார், வீட்டிலேயே இருந்தார்.

டொக்டர் விடவில்லை. "நடக்கணும். மூச்சு முட்டினா நின்று, உதட்டைக் குவிச்சு ஊதணும்" என்றார். நடப்பது பெரிய காரியமில்லை, நடுவழியில் நிற்பதுதான் மானக்கேடு. 'பாவம், ஏலாத மனுசன்' என்று எவனாவது பார்த்துவிடுவானே! யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மூச்சு முட்டுகிற இடத்தில் எதையாவது பார்ப்பதுபோல் நிற்பது. அவருக்கு மூச்சு முட்டுவது தவறாமல் ஒரே இடத்தில்தான். வேப்பமர நிழல், எதிரே பாதி கட்டிய வீடு.

பின்னேரமானால் அங்கே வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரை உற்றுப் பார்ப்பார். உதட்டைக் குவித்து "ஊஃப்" என்று ஊதுவார். தலை தானாக ஆடும். பிறகு போய்விடுவார்.

வீட்டுக்காரர் கலீலுர் றஹ்மான் மீன் வியாபாரி. மகள் சப்ரினாவுக்கென்று அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர். "ஆரோ மாப்பிள்ளைட வாப்பா, நோட்டம் பாக்கிறார்" என்று மனைவி உம்மு குல்சும் முடிவு கட்டினாள். "தலையை ஆட்டுறாரே, பூச்சு பிடிக்கல்ல போல." வெறும் வாயை மென்ற அயலுக்கு அவல் கிடைத்தது. பூச்சை உடைத்துத் திரும்பப் பூசினார்கள். மனிதர் அடுத்த நாளும் ஊதினார். யன்னலை மாற்றினார்கள். அதற்கும் ஊதினார். சுவரின் ரோசா நிறம் பச்சையாயிற்று.

சரீப்புக்கோ அந்த வீடு வளர்வதைப் பார்ப்பது நாளின் ஒரே சந்தோசமாகிவிட்டது. 'எவ்வளவு கெட்டிக்கார மேசன்!' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொள்வார்.

ஒருநாள் றஹ்மான் பொறுமையிழந்து கதிரையோடு வெளியே வந்தார். பின்னால் உம்மு குல்சும் இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு வந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. இதில இருங்க, கதைப்பம்."

சரீப்புக்கு வாய் திறக்க மூச்சில்லை. பொறுங்கள் என்று கையை உயர்த்தினார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டார் றஹ்மான்.

"இன்னும் என்ன நானா குறை? பூச்ச உடைச்சன், யன்னல மாத்தினன். புள்ளைக்கு இதுக்கு மேல செய்ய எனக்கு ஏலாது." மேசன்மார் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வேலிக்கு மேலால் அயல் தலைகள் எட்டின.

சரீப்புக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. 'வீடு நல்லம்' என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் நழுவினால் இந்த மனிதர் வராத மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பார். பெண்ணைப் பெற்ற தகப்பனின் தவிப்பு சரீப்புக்குப் புதிதா? சட்டைப் பையிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்தார். மகள் வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இழுக்கிற பம்ப். அத்தனை பேருக்கும் முன்னால் வாயில் வைத்து இழுத்தார்.

"வீட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி. குறை என்ட நெஞ்சுலதான். முட்டு வருத்தம். கொஞ்சம் நடந்தா நிக்கணும். சும்மா நிக்க வெட்கமா இருந்திச்சு, அதான் வீடு பாத்தனான்."

றஹ்மான் விழித்தார். "அப்ப உங்கட மகன்?"

"எனக்கு மூணும் பொம்புளப் புள்ளயள்."

முதலில் சிரித்தது உம்மு குல்சும்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மேசன்மார் சிரித்தார்கள், வேலி சிரித்தது. கொண்டுவந்த கதிரையில் றஹ்மானே பொத்தென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சரீப்பும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நெஞ்சைக் குலுக்கி, நிற்காமல் வந்தது. இனி ஒதுங்குவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எழும்புங்க!" என்று உம்மு குல்சும் புருசனை அதட்டினாள். "அவர் நிக்கிறார், நீங்க இருக்கிறீங்க." சரீப்பை உட்கார வைத்து, இருமல் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்று, தட்டைக் கையில் கொடுத்தாள். "மாப்பிள்ளை வீட்டாருக்கெண்டு செய்தது. அவங்க வாற நேரம் வரட்டும், நீங்க சாப்பிடுங்க." சரீப் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனம் நிறைந்து போயிருந்தது.

மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. "வாங்க நானா, பள்ளிக்கு ஆறுதலா, மெல்ல மெல்லப் போவம்" என்று றஹ்மான் எழும்பினார். சரீப் மறுக்கவில்லை.

பள்ளிக்குப் போகிற வழியில் ஓரிடம் வெறும் வெளி. வீடில்லை, மரமில்லை. அங்கே மூச்சு முட்டியது. சரீப் நடுவழியில் நின்றார். றஹ்மானும் நின்றார். எதிரே வந்த ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.

"என்ன நானா, என்னத்தப் பாக்கிறீங்க?"

சரீப் அவசரப்படாமல் உதட்டைக் குவித்து ஊதி முடித்தார்.

"ஒண்டும் பாக்கல்ல தம்பி. மூச்சு வாங்குது, நிக்கிறன்."