நவி சிக்ஷா

அந்த வருஷம் பம்பாயில் தமிழர்கள் ரயிலில் தமிழ் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். மதராசிகள் ஊரைப் பார்க்கப் போகவேண்டும் என்று தெருமுனைகளில் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்யாணிலிருந்து மாட்டுங்காவுக்கு வரும் லாசர் மாஸ்டர் மட்டும் ஒரு மராத்திப் பத்திரிகையை வாங்கி முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார். வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல.

படிக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. தாராவி ஓரத்து ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அவர் தமிழாசிரியர். புதிய பாடத்திட்டம் வந்து தமிழ்ப் பீரியடுகளில் பாதியை மராத்திக்குக் கொடுத்துவிட்டது. ஹெட்மாஸ்டர் வெங்கடராமன் கூப்பிட்டுவிட்டார்.

"லாசர், உமக்கு மராத்தி வருமோ?"

"காய்கறி வாங்குத அளவுக்கு வரும் சார்."

"போறும். இனிமே நீர்தான் மராத்தி பண்டிட். வராதுன்னா இப்பவே சொல்லிடும். உம்மை அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"நல்லாவே வரும் சார்" என்றார் லாசர்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் கோகடே வந்து வகுப்பைப் பார்த்து, சரி என்றால்தான் வேலை நிற்கும். "தூக்கத்துலயும் மராத்தியில பொலம்புதீங்க. பக்கத்துல படுக்க பயமா இருக்கு" என்றாள் மனைவி ஜெயசீலி.

வெங்கடராமனுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. இலாகா அனுப்பிய சுற்றறிக்கையில் 'கற்றல் வாய்ப்புகள்' என்றொரு சொல் இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அவர் பள்ளி முழுவதும் வாய்ப்புகளைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறைக்குத் 'தச்சுத் தொழிற்கூடம்' என்று பலகை மாட்டினார். ஒழுகும் அறை 'விஞ்ஞானக்கூடம்' ஆயிற்று. அங்கே தண்ணீர் கீழ்நோக்கி விழும் என்பதைப் பையன்கள் நேரடியாகக் கற்றார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் லாசர் வாசிக்கவேண்டிய மராத்தி வரவேற்புரையையும் அவரே எழுதினார்.

"ஹிந்தியில நயி. மராத்தியில நவி. அவ்வளவுதான் ஓய் அந்த பாஷை. மீதியெல்லாம் சம்ஸ்கிருதம். கல்விக்கு சிக்ஷா. எங்கே போனாலும் சிக்ஷா."

வாசலில் துணித் தோரணமும் கட்டியாயிற்று. தேவநாகரியில், ஆள் உயர எழுத்தில்: 'நவி சிக்ஷா'. புதிய கல்வி.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலை. ரயிலில் லாசர் பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்து, பழக்கத்துக்காக எழுத்துக் கூட்டினார். லஞ்சம் வாங்கிய குமாஸ்தா ஒருவனுக்கு ஒரு வருஷ சிக்ஷா என்றிருந்தது. பரவாயில்லையே, தப்புச் செய்தவனைக்கூடப் படிக்க அனுப்புகிறார்களே என்று நினைத்துக்கொண்டார். அடுத்த செய்தியில் நகை திருடியவனுக்கும் சிக்ஷா. அதற்குக் கீழே ஒரு கொலைகாரன். அவனுக்கு 'ஃபாஷிச்சி சிக்ஷா'. ஃபாஷி என்றால் தூக்கு என்பது லாசருக்குத் தெரியும்.

தூக்குக் கல்வி என்று ஒன்று இருக்கமுடியாது.

கோயிலில் போதகர் ஞாயிறுதோறும் மிரட்டுகிற 'சிட்சை' காதில் கேட்டது. அடப்பாவி, அதேதான். மராத்தியில் சிக்ஷா என்றால் தண்டனை. அப்படியானால் கல்வி? பத்திரிகையைக் குடைந்தார். கல்வி மந்திரி பேசிய செய்தியில் கிடைத்தது: 'சிக்ஷண்'. ஒரு எழுத்து கூடுதல். அந்த ஒரு எழுத்து இல்லாமல் பள்ளி வாசலில் 'புதிய தண்டனை' என்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. வரவேற்புரையிலும் அதே சொல்: தண்டனை தந்த சர்க்காருக்கு நன்றி, இன்னும் நிறையத் தண்டனை வேண்டும் என்று மதராசி ஒருவன் மராத்திக்கார அதிகாரி முன்னால் படிக்கப்போகிறான். கேலி செய்கிறான் என்று நினைத்தால் வேலை மட்டுமா போகும்? வாசலில் கல் வந்து விழும்.

ஓட்டமாகப் போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். வெங்கடராமன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பேப்பர்காரன் தப்பா போட்டிருப்பான்."

"எல்லா செய்தியிலயுமா சார்? கொஞ்சம் பாருங்க."

"சம்ஸ்கிருதத்துல சிக்ஷான்னா கல்வி. நான் படிச்சிருக்கேன். நீர் காய்கறி வாங்கின மராத்தியை வச்சுண்டு எனக்குச் சொல்லவராதீர். எழுதினதை எழுதினபடி வாசியும். இல்லேன்னா வேற ஆள் வாசிப்பான், நாளைக்கும் அவனே வருவான்."

கோகடே வந்தார். தோரணத்தின் கீழே நின்றார். வாசித்தார். மறுபடி வாசித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

காகிதத்தைப் பிரித்தார் லாசர். முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல். கண்ணை மூடிக்கொண்டு, "சிக்ஷண்" என்றார்.

பின்னாலிருந்து வெங்கடராமன், "சிக்ஷா" என்று திருத்தினார்.

லாசர் கேட்காததுபோல அடுத்த வரிக்குப் போனார். "சிக்ஷண்."

"சிக்ஷா ஓய்."

"சிக்ஷண்..."

"சிக்ஷா, சிக்ஷா" என்றார் ஹெட்மாஸ்டர், சபைக்கே கேட்கும்படி, கையில் பிரதியைத் தட்டிக்கொண்டு.

கோகடே கையைத் தூக்கினார். லாசரைப் பார்த்து மராத்தியில் கேட்டார். "இவருக்கு என்ன வேண்டுமாம்?"

காய்கறிக் கடையில் தினம் கேட்கிற கேள்விதான். பயத்தில் மூளை நின்றுபோயிருந்தது. அதனால் வாய் தானாகவே, இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னது. "சாஹேப், ஹே சிக்ஷா மாக்தாத்."

ஐயா, இவர் தண்டனை கேட்கிறார்.

வெங்கடராமன் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினார்.

கோகடேயின் மீசை சிறிது நேரம் துடித்தது. பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். போகும்போது இரண்டு உத்தரவுகள் பிறப்பித்தார். ஒன்று, மராத்தி ஆசிரியராக லாசர் தொடரலாம். இரண்டு, தலைமையாசிரியர் விரும்பிக் கேட்டதால் அவருக்கு அது வழங்கப்படுகிறது: இலாகாவின் மராத்திப் பரீட்சையில் தேறும்வரை, லாசரின் வகுப்பில் தினமும் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

வேலை நிலைத்த செய்தியைக் கேட்டு ஜெயசீலி பாயசம் வைத்தாள். லாசருக்கு இறங்கவில்லை. அந்த ஆள் தேறிவிட்டால் முதல் காரியமாகத் தன்னைத் துரத்துவார். தேறாமல் போனால் தினமும் எதிரே உட்கார்ந்திருப்பார்.

மறுவாரம் மராத்தி வகுப்பு. கடைசி பெஞ்சில் கோட்டோடு வெங்கடராமன்.

"வீட்டுப்பாடம் எழுதாதவங்க எந்திரிச்சு நில்லுங்க" என்றார் லாசர், பழக்கதோஷத்தில்.

பையன்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு கிரீச்சொலி; கோட்டு எழுந்து நின்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறகு, இனி என்ன கொடுக்கப்போகிறார் என்று லாசரைப் பார்த்தது. அதற்கு மராத்தியில் என்ன சொல் என்பது இப்போது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லாசர் சாக்பீஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார்.