சாம்பிராணிப் புகையும் தாராவின் காலும்

என் மகள் ரிஷானி காண்டாமிருகத்துக்குக் கால் கழுவுகிறாள். பாசல் நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் போனால் ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை, அங்கேதான் வேலை. எங்கள் சனம் கூடும் திரிம்பாக் ஊர்க் கோயிலில் யாராவது கேட்டால், "பிள்ளை உயிரியல் பக்கம்" என்று சொல்லிச் சமாளிப்பேன். கூடப் படித்ததுகள் மருந்துக் கொம்பனியில் கதிரையில் இருக்க, இவள் சாணி அள்ளினால் எனக்கு எரிச்சல் வராதா?

2016இல் தாரா என்ற பெண் காண்டாமிருகத்துக்கு முன்னங்கால் பாதம் வெடித்தது. சேற்றில் நடக்கப் பிறந்த பாதம், முன்பு இருந்த மிருகக்காட்சிசாலையின் சீமெந்துத் தரையில் நின்று கெட்டுப்போனதாம். உலகத்திலேயே இந்த ஒற்றைக் கொம்பு இனம் மூவாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். தாரா கன்று போடவேண்டியவள். கால் ஆறாவிட்டால் ஆண் மிருகத்தின் பாரத்தைத் தாங்கமாட்டாள்.

ரிஷானி விடவில்லை. கட்டையைத் தட்டினால் தாரா கம்பிக்கு வெளியே காலை நீட்டவேண்டும், நீட்டினால் வாழைப்பழம். நாலு கிழமை, ஒரு மாதம் முழுக்கப் பழக்கினாள். லீவு நாளிலும் போனாள். திங்கள் முதல் வெள்ளிவரை தாரா காலை நீட்டினாள், மருந்து போட்டார்கள். சனி, ஞாயிறு கிட்டவும் வரமாட்டாள். ஐந்து நாளில் ஆறுவது இரண்டு நாளில் பழையபடி சீழ் வைக்கும். கடைசியில் மிருக வைத்தியர் ஒரு தவணை வைத்தார். வாற சனிக்கிழமையும் நீட்டாவிட்டால் மயக்க ஊசி போட்டுத்தான் மருந்து.

"ரெண்டு தொன் உடம்பு அம்மா. மயங்கி விழுந்தா எழும்புவாளோ தெரியாது," என்றாள் ரிஷானி, அந்தச் சனிக்கிழமை வேலையால் வந்து. "சனி, ஞாயிறிலை சனம் கூட எண்டுதான் வாறாளில்லை எண்டு நினைச்சன். இண்டைக்கு மழை, ஒருத்தருமில்லை. அப்பவும் மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டாள்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். அவள் தலைமயிரில் சாம்பிராணி மணத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் தோய்ந்த தலைக்குப் புகை காட்டுவது நான். காட்டு மிருகத்துக்குப் புகை மணம் என்றால் நெருப்பு. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. இது சரிவராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவாள், ஒரு நல்ல ஒஃபீஸில் இருப்பாள் என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுக்க அப்படியே இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் தலை தோய்ந்து வந்து என் முன்னால் இருந்தாள். என் கையில் தணல் சட்டி. அவள் போனில் தாராவின் பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்புக்குள் சிவப்பாய்ச் சதை. இருபத்திரண்டு வருஷம் ஆசுபத்திரிச் சமையலறையில் நின்றவள் நான். என் குதிக்கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

சட்டியைக் கொண்டுபோய் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"என்னம்மா செய்யிறியள்?"

"இந்தப் புகைதான் பிள்ளை. சனி, ஞாயிறு உன்ரை தலைமயிரிலை இதுதான் மணக்குது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "போன சனிக்கிழமை," என்றேன்.

அவள் எழும்பிப் போய்த் திரும்பவும் தலை தோய்ந்தாள். சனிக்கிழமை காலையில் எனக்குச் சொல்லாமலே வெளிக்கிட்டாள். நான் பின்னாலேயே போனேன். அவள் என்னோடு கதைக்காவிட்டாலும் போகவேண்டும் என்று இருந்தது.

கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்தியர் ஊசிப் பெட்டியோடு நின்றார். ரிஷானி கட்டையைத் தட்டினாள். தாரா வந்தாள், நெடுநேரம் மணந்தாள், பிறகு காலைத் தூக்கிக் கட்டையில் வைத்தாள். மகள் குந்தியிருந்து அழுக்கைச் சுரண்டி, கழுவி, மருந்து அடைத்தாள். வைத்தியர் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரிஷானி கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"ஒரு கிழமை அவளை நோக விட்டிட்டியள் அம்மா."

"ஓம்."

"இது ஆற ஒரு வருஷம் எடுக்கும். ஒரு நாளும் விட ஏலாது. நான் இதை விட்டிட்டு வரமாட்டன்."

"விடாதை," என்றேன்.