புகை வராத வீடு

கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள். நான் முப்பத்தோரு வருடமாகக் கல்லில் சூடு உரித்துக்கொண்டிருக்கிறேன். பாறையில் இருநூற்றைம்பது மீட்டருக்கு போர் போட்டு, வளைந்த குழாயை உள்ளே இறக்கி, உறையாத தண்ணீரைச் சுற்ற விட்டால் அடியில் இருக்கும் ஐந்தாறு டிகிரி மேலே வந்து சேரும். பம்ப் அறையில் இருக்கும் பெட்டி, குளிர்பெட்டியைத் திருப்பி வைத்த மாதிரி, அந்த ஐந்தாறை நாற்பதாக்கி, வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களுக்கு அனுப்பும். பாதி வருடம் பனி கிடக்கும் எங்கள் வடக்கு மாவட்டமான கைனூ பக்கம் எத்தனையோ வீடுகள் என் போரில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

என் வீட்டில் மட்டும் விறகடுப்பு. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரே சிரிக்கும். என் மனைவி இர்யா ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நெருப்பு கண்ணுக்குத் தெரியாத வீட்டில் எலி குடியிருக்கும், மனுசர் குடியிருக்க மாட்டார்கள் என்பாள். மே மாதம் மரம் பிளப்போம், கோடை முழுக்கக் காயவிடுவோம், செப்டம்பரில் கொட்டகையில் அடுக்குவோம். பிளப்பது நான். அடுக்குவது அவள். நான் அடுக்கினால் பிரித்துவிட்டு மறுபடி அடுக்குவாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் கிழமைகள் போயின. அடுப்பு மட்டும் மறக்கவில்லை என்று நினைத்துத் தைரியமாக இருந்தேன். போன மார்ச்சில் ஒருநாள் தணல் அணைவதற்கு முன்பே புகைபோக்கியின் பலகையை அடைத்துவிட்டாள், விஷப்புகை வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சூடு வீணாகிறதே என்று அடைத்திருப்பாள், எங்கள் ஊரில் கஞ்சத்தனத்தால் செத்தவர்கள் எல்லாம் அப்படிச் செத்தவர்கள்தான். நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்ததால் பிழைத்தாள். அன்றோடு அவளைச் சுகாதார நிலையத்தின் வார்டில் சேர்த்தார்கள்.

அந்த வார்டையும் மூடப்போவதாக ஆனது. அதற்குப் பதிலாக ஊராட்சி புதிதாக ஒரு முதியோர் இல்லம் கட்டிக்கொண்டிருந்தது, ஹில்லா இல்லம் என்று பெயர். பதினாறு அறைகள், என் வீட்டிலிருந்து ஏழே கிலோமீட்டர். நான்காம் அறை இர்யாவுக்கு. நவம்பர் மூன்றாம் தேதி திறப்பு. அதற்குள் முடியாவிட்டால் வார்டில் இருப்பவர்களை நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இல்லத்துக்கு போர் போடும் வேலை எனக்கே வந்தது. பன்னிரண்டு போர்.

என் கூட்டாளி ஹெய்மோ. வண்டியும் கம்பிரசரும் அவன் பொறுப்பு, வாயும் அவன் பொறுப்பு. செப்டம்பரில் ஆரம்பித்தோம். ஒன்பதாவது போரில் நூற்றெண்பது மீட்டரில் பாறை உடைந்து கிடந்தது, பாறையைத் துளைக்கும் ஹேமர் போய்ச் சிக்கிக்கொண்டது. நான்கு நாள் அதை இழுத்துக்கொண்டு கிடந்தோம். விட்ட நாளைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை ஓட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை இந்தச் சத்தம் போட்டா ஊர்க்காரன் நம்மளையும் சேத்து அந்தக் குழியில எறக்கிருவான்யா" என்றான் ஹெய்மோ.

"எறக்கட்டும். உள்ள ஆறு டிகிரி. வெளிய மைனஸ் ரெண்டு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதிர்வில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் வியாதி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. அந்த வருடம் அது விரலோடு நிற்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், போர் போட்டேன். வார்டுக்குப் போய் இர்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். துக்கமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளே எதுவும் நடக்கவில்லை. குழாய்களில் திரவம் நிரப்பிய அன்று, அதில் சாராயம் கலந்திருப்பதைப் பார்த்து, இவ்வளவையும் ஒரு பாறைக்கு ஊற்றுகிறோமே, பாவம் இல்லையா என்று ஹெய்மோ உண்மையாகவே வருத்தப்பட்டான். அந்த அளவுக்குக்கூட எனக்கு வருத்தம் வரவில்லை.

வேலை முடிந்தது. நவம்பர் மூன்றாம் தேதி காப்பியும் கேக்கும் வைத்துத் திறந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். நல்ல சூடு என்றார்கள். எனக்கு விரலில் ஒன்றும் தெரியவில்லை. நானும் நல்ல சூடு என்றேன்.

இர்யா நான்காம் அறைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கம்பளித் தொப்பியையும் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில், பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் எழுந்தாள்.

"வா கெழவா, வீட்டுக்குப் போலாம். அடுப்பு அணஞ்சிரும்."

வார்டிலும் தினம் இதைத்தான் சொல்வாள். நாளைக்குப் போகலாம் என்பேன். நாளைக்கு என்றால் சரி என்று உட்கார்ந்துவிடுவாள். இங்கே உட்காரவில்லை. முதல் வாரத்திலேயே விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். சாலையில் ஒரு பால் வண்டிக்காரர் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி போனாள்.

இல்லத்தின் பொறுப்பாளர் சைலா. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர், நல்ல மாதிரி. குளிர்கிறதோ என்னவோ என்று இரண்டு கம்பளி கொடுத்துப் பார்த்தார். பழைய போட்டோக்களை மாட்டினார். சவுனா என்னும் ஆவிக் குளியலுக்குக் கூப்பிட்டார், உள்ளே மின்சார அடுப்பைப் பார்த்ததும் இர்யா வாசலோடு திரும்பிவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதானே. பம்ப் அறைக்குப் போய்ச் சூட்டை இரண்டு டிகிரி கூட்டினேன். மறுநாள் இன்னும் ஒன்று. பதினைந்து கிழவர் கிழவிகள் வியர்த்து வழிந்தார்கள். ஒன்பதாம் அறைக்காரர் உள்பனியனோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். என் மூவாயிரம் மீட்டர் பாறையின் சூடு பனியில் போய்க்கொண்டிருந்தது. இர்யா மட்டும் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மைனஸ் பதினொன்று. காட்டோரத்தில் முழங்கால் பனியில் நின்றவளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார் சைலா. கதவைப் பூட்டி வைக்க இந்த இல்லத்துக்கு அனுமதி கிடையாது, நகரத்தில்தான் பூட்டிய பிரிவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து முடிவு செய்வார் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன். நூற்றெண்பது கிலோமீட்டர் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

எழுந்தபோது மேசைக்குக் கீழே ஒரு பை கிடந்தது. என்ன என்று கேட்டேன். இர்யா கையில் வைத்திருந்த குப்பை, விடவே மாட்டேன் என்றாள், அதனால் பையில் போட்டுக் கொண்டுவந்தோம் என்றார். திறந்து பார்த்தேன். ஊசியிலை மரத்தின் அடிக்கிளைச் சுள்ளிகள். ஒன்றுகூடப் பச்சை இல்லை, ஒன்றுகூட ஈரம் இல்லை. எல்லாம் ஒரே நீளத்துக்கு ஒடித்திருந்தது. அடுப்பு பற்றவைக்க அதைவிட நல்ல சுள்ளி கிடையாது. நானே போனால்கூட அவ்வளவு நன்றாகப் பொறுக்கியிருக்க மாட்டேன்.

நான்காம் அறைக்குப் போனேன். ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"எங்க போன இர்யா?"

"எங்க போவாங்க? வெறகுக்குத்தான்." ஜன்னலைக் காட்டினாள். "நீயே பாரு. ஒரு கட்டை வெறகு இல்ல. கூரையில பொகை இல்ல. இந்தச் சனங்களுக்கு யாருமே இல்ல போலிருக்கு, பாவம். கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்காதுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் டிகிரி டிகிரியாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொட்டகையைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பதென்றால்கூட முதலில் விறகு அடுக்கைத்தான் பார்ப்பார்கள். இன்றைக்கு எவ்வளவு சூடு என்பது கேள்வியே அல்ல, மார்ச் வரைக்கும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த இல்லத்துக்குப் படம் வரைந்தவர் தெற்கே நகரத்து ஆள். அவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருடம் அவள் அடுக்கிய விறகில் குளிர் காய்ந்தவன் நான்.

சைலாவிடம் போய், சுவரோரம் விறகு அடுக்கட்டுமா, எரிக்க அல்ல, பார்க்க மட்டும் என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்கும் மறதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அப்புறம் சுவரோரம் கூடாது, தீயணைப்பு விதிப்படி எட்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு அளவு நாடாவோடு அவரே வெளியே வந்தார். எட்டு மீட்டர் என்பது என் போர்கள் இருக்கும் மைதானத்தில் வந்து விழுந்தது. ஜன்னலுக்கு நேரே.

புதனும் வியாழனும் ஹெய்மோ டிராக்டர் ஓட்டினான். என் கொட்டகையிலிருந்து ஏழு டிரெய்லர். ஐந்தாவது பாரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றான்.

"உனக்கு என்னய்யா மிச்சம் இருக்கு? சன்னலுக்குத் தெரியிற அளவுக்கு அடுக்குனாப் போதாதா?"

போதாது என்றேன். இர்யாவுக்குப் பாதிக் குளிர்காலம் என்றால் என்னவென்று தெரியும். அவளை ஏமாற்ற முடியாது.

இரண்டாம் நாள் அவளே வெளியே வந்தாள், பின்னால் ஓடிவந்த பணிப்பெண்ணின் கையை உதறிவிட்டு. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். காய்ந்த பிர்ச் மரக்கட்டை கணீரென்று சொல்லும். நான் அடுக்கிய வரிசையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். மேல் வரிசையை இழுத்துத் தள்ளிவிட்டு, பட்டை மேலே பார்க்க ஒவ்வொன்றாக வைத்தாள். தண்ணீர் இறங்காமல் இருக்க அப்படித்தான் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் வேலை செய்தாள். ஹெய்மோ வாயைத் திறக்காமல் கட்டை எடுத்துக் கொடுத்தான். அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

முடித்ததும் அறைக்கு வந்தாள். தொப்பியை எடுத்தாள். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். உள்ளே வெக்கையாக இருக்கிறது, யார் இப்படி அடுப்பை மூட்டியது என்று கோபித்துக்கொண்டாள். நான் பம்ப் அறைக்குப் போய் மூன்று டிகிரியையும் குறைத்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் ஒன்பதாம் அறைக்காரருக்கு ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சைலா என் தோளைத் தொட்டார். நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி அவளை யாரும் எங்கும் அனுப்ப மாட்டார்கள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, மதியம் போனேன். நாற்காலியை ஜன்னலுக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது, அடுக்கின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் வந்ததைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். எதற்குக் காத்திருந்தேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்குப் போலாமா இர்யா?"

"நான் எதுக்கு வரணும்? இங்க மார்ச் வரைக்கும் வெறகு இருக்கு." திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை, எல்லாம் தெரிந்த பார்வை. "உனக்கு இருக்கா வீட்டுல?"

"இருக்கு" என்றேன்.

"அப்ப சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வலித்தது. எட்டு மாதமாக எதுவும் படாத இடத்தில் வலித்தது. தினமும் வா கெழவா என்று ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கூப்பிடுதலை நானே ஏழு டிரெய்லரில் கொண்டுவந்து அடைத்துவிட்டேன்.

வெளியே வந்தேன். வீட்டில் ஒரு சுள்ளிகூட இல்லை. அடுக்கைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்குத் தெரியாத பின்பக்கம் போனேன். பனியில் மண்டியிட்டு, கீழ் வரிசையை அசைக்காமல், முன்பக்கம் சரியாமல், எட்டுக் கட்டை உருவினேன். அன்றைக்கு அது போதும். அப்போதிலிருந்து பார்க்கப் போகும்போதெல்லாம் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். முன்பக்கம் அவள் அடுக்கியது அடுக்கியபடியே நிற்கிறது.