யோகராஜா அண்ணைக்குப் பொன்னாடை

என் கணவரைப் பனிக்குள் தள்ளிய மனிதருக்குக் லண்டன் கோலியர்ஸ் வுட் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தப் போனார்கள். உயிரைக் காப்பாற்றியவராம்.

எங்கள் ஆட்களுக்கு ஆல்ப்ஸ் மலையைக் காட்டியவர் யோகராஜா அண்ணைதான். மேலே ஏற்றிவிட லிப்ட் இல்லாத சரிவுகளில் காலில் பலகை கட்டி ஏறி, சறுக்கி இறங்குகிற விளையாட்டு. விபத்து நடந்த அன்றைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்று. இரவெல்லாம் அடித்த காற்று புதுப் பனியை அவர்கள் இறங்கவிருந்த செங்குத்தில் குவித்திருந்தது. அதைத் தொடவே கூடாது. தொட்டாலும் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். அண்ணையோ வீடியோவுக்காக எல்லாரையும் ஒன்றாக இறக்கினார். சரிவிலிருந்த பனி முழுவதும் கழன்று வந்து என் கணவர் நிருஜனை மூடியது. இவர் நெஞ்சில் கட்டியிருந்த கருவியின் சிக்னலை வைத்துத் தேடி, அண்ணை தோண்டி எடுத்தார். அது உண்மைதான். வீட்டைக் கொளுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றியவருக்கு மரியாதையா?

அந்தச் சரிவு வேண்டாமென்றுதான் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் இவர் என்னிடம் அழுதார். அண்ணையிடம் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் சிலர் கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள், சிலர் அம்மன் காப்பாற்றினாள் என்றார்கள். எச்சரிக்கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பெப்ரவரியில் அடுத்த பயணம் என்று அண்ணை மேடையிலேயே அறிவித்தார். இவருடைய தங்கை கம்சிகாவும் போகிறாளாம். அவள் கை தட்டினாள்.

பொன்னாடையைப் போர்த்த வேண்டிய இவருக்குத் தோள் முறிந்து ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. அதனால் பொன்னாடையின் மறு நுனியைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். நுனியைப் பிடிக்கவில்லை.

"அண்ணை, அந்தச் சரிவு வேண்டாமெண்டு இவர் அண்டைக்குச் சொன்னவர். நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

அண்ணைக்கு முகம் கறுத்தது. "நீ அப்பிடிச் சொன்னனியோ, நிருஜன்?"

இவர் தரையைப் பார்த்தார். "மனசுக்குள்ளை சொன்னனான், அண்ணை."

எச்சரிக்கை இவருடைய போனிலும் வந்திருந்தது. மூத்தவருக்கு எதிர்ச்சொல் சொல்வது மரியாதையில்லை என்று வாயைப் பூட்டிக்கொண்டு சாகப் போயிருக்கிறார் மனிதர். என் கோபம் முழுக்க இவர் பக்கம் திரும்பியது. சபை என்றும் பார்க்கவில்லை.

"அப்ப கம்சிகாவுக்கும் மனசுக்குள்ளைதான் சொல்லப்போறியளோ?"

இவர் பொன்னாடையை ஒற்றைக் கையால் மேசையில் வைத்தார்.

"அண்டைக்கு நீங்கள் செய்தது பிழை, அண்ணை. கம்சிகா, நீ போகாதை."