இரண்டாம் வரிக்குப் பிறகு

எஸ்கோ மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டான்.

முதல் வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்திருந்தான். இரண்டாம் வரி அதைவிடச் சுத்தமாக வந்தது. அது முடிந்ததும், பின்னாலிருந்து யாரோ கோட்டைப் பிடித்து இழுத்ததுபோல நின்றான். மெர்வி அட்டைப் பட்டையைக் கீழே நகர்த்தி மூன்றாம் வரியைத் திறந்துவிட்டாள். பெரிய எழுத்து, கறுப்பு மை, முதல் இரண்டு வரிகளைவிடச் சுலபமான சொற்கள். எஸ்கோவின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

"இந்த வரில என்னண்ணா கஷ்டம்?"

"வரில ஒரு கஷ்டமும் இல்ல. நாற்காலிலதான். இன்னும் கொஞ்ச நேரம் இதுல உக்காந்தா அப்பாவுக்கு முன்னாடி என் முதுகப் பொதைக்கணும்."

அது ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலி. காட்டில் மரம் அறுக்கும் எந்திரம் ஓட்டுகிற ஆள், அறுபதை நெருங்குகிறவன், கறுப்புக் கோட்டோடு, முழங்கால் மார்பில் இடிக்க அதில் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை என்பதால் பள்ளியில் வேறு யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், தேவாலயத்தின் முன் கார்கள் வந்து சேரத் தொடங்கியிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் அப்பாவின் அடக்கம். குழியை மூடி, ஊசியிலைக் கிளைகளைப் பரப்பியதும், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மலர்வளையம் வைத்து, அதற்காக எழுதிய வாசகத்தை உரக்க வாசிப்பார்கள். முதலில் மூத்த மகன்.

மெர்வி ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. தலைமுடி நரைக்கும் வரைக்கும் வாசிப்புச் சொல்லித்தருவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் எதனால் நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். சொல்லின் நடுவில் நின்றால் அசை பிரிக்க வரவில்லை. அசைகளுக்கு நடுவே கோடு போட்ட புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நின்றால் பொருள் பிடிபடவில்லை. படத்தைக் காட்டிப் பேச வேண்டும். வரி தவறினால் பக்கத்தில் எழுத்து நெரிசல் என்று பொருள். அதற்குத்தான் பால் டப்பா அட்டையில் வெட்டிய பட்டைகள். வாசிக்கும் வரிக்குக் கீழே பட்டையை வைத்தால் அடியில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும், கண் அலையாது. வகுப்பு அலமாரியில் ஒரு வாளி நிறைய வைத்திருந்தாள். பின்னிஷ் மொழியும் பிள்ளைகள் பக்கம் நிற்கிற மொழிதான். எழுத்துக்கு ஓர் ஒலி, எழுதியிருப்பதை ஒலித்தால் போதும். இங்கே ஒருவனுக்கு வாசிக்க வரவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்லிவிடுவது அதனாலேயே சுலபமாகிப் போனது.

எஸ்கோவுக்கு எதுவும் பலிக்கவில்லை. அசைக் கோடு போட்டுக் கொடுத்தாள், "என்ன, மறுபடி ஒண்ணாங்கிளாஸா?" என்று தாளைத் தள்ளிவிட்டான். வரிக்கு ஒரு தாள் என்று நான்கு தாள்களில் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் தாளைப் பிடித்துக்கொண்டு திருப்பாமல் நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. எந்திரத்தின் திரையைப் படிக்கிறான், செய்தித்தாள் படிக்கிறான். யார் முன்னாலாவது உரக்க வாசிக்கும்போதுதான் வரி முடிவில் கதவு சாத்திக்கொள்கிறது.

"மனப்பாடம் பண்ணிடேன்."

"சின்ன வயசுல பண்ணேன். அப்பா வேற பக்கத்தத் திருப்பினாரு." எஸ்கோ கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். "ஒப்பிக்கறது வாசிக்கறதுல சேராது. நான் வாசிக்கணும்."

அப்பா தௌனோ அந்தக் கிராமப் பள்ளியின் வாத்தியார். ஒன்றும் இரண்டும் ஒரே அறையில். மெர்வி முன் பெஞ்சில், ஒரு வருடம் மூத்த எஸ்கோ அடுப்பருகில் நின்றபடி, அவன் பக்கத்தில் அடிக்கோலோடு அப்பா. அவன் தடுக்கிய இடத்தில் அப்பா மற்ற பிள்ளைகளைக் கூப்பிட மாட்டார். "மெர்வி, நீ வாசி" என்பார். அவள் கடகடவென்று வாசிப்பாள். பின்னால் பென்த்தி என்கிற பையன் ஆட்டுக்குட்டி போலக் கத்துவான், வகுப்பே சிரிக்கும். தன் குரலைத்தான் அப்பா பிரம்பாக வைத்திருந்தார் என்று மெர்விக்குப் புரிந்தபோது அவளும் ஆசிரியை ஆகியிருந்தாள். அவளுடைய வகுப்பில் யாரும் நின்று வாசிப்பதில்லை. கூச்சப்படுகிற பிள்ளை மூலையில் இருக்கும் துணி நாய்க்கு வாசித்துக் காட்டலாம். ஒவ்வொரு பொருளையும் அப்பாவை எதிர்த்துத்தான் சேர்த்தாள்.

அது போதவில்லை. கடைசி வருடம் முதியோர் இல்லத்தில் அப்பாவுக்குக் கண் மங்கியது. செய்தித்தாளை அவளிடம் நீட்டினார். அவள் வேண்டுமென்றே வரிக்கு வரி நிறுத்தி வாசித்தாள். "வேகமா வாசிம்மா" என்றார். "என்ன அவசரம்ப்பா?" என்றாள். அவருக்கு உறைக்கும் என்று பார்த்தால் தூங்கிப்போனார். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மீன் சூப் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். எதையும் கேட்டுக்கொள்ளாமல்.

அதனால் மரண அறிவிப்பில், 'வாத்தியாரின் பழைய மாணவர்கள் அனைவரும் வருக' என்று மெர்வி சேர்த்துக் கொடுத்தாள். சிரித்தவர்கள் எல்லாரும் வர வேண்டும். வாசகத்தையும் அவளே எழுதினாள்.

*நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து வாசிக்கிறோம், அப்பா.*
*இனி எங்களுக்கு அவசரம் இல்லை.*
*எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருங்கள்.*
*எழுந்து போக உங்களால் முடியாது.*

கதவைத் தட்டாமலே ஆய்லி அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டியவள். காகிதப் பையில் ஏலக்காய் பன் இருந்தது.

"ரெண்டு பேரும் வெறும் வயித்தோட நிக்காதீங்க. சாப்பிடு, எஸ்கோ. கழுத்து ஏண்டா இப்படிச் செவந்திருக்கு?" மேசை மேலிருந்த தாளை எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தாள். படித்து முடித்தும் கீழே வைக்கவில்லை.

"இதையா வாசிக்கப்போறீங்க? ஊர் முன்னாடியா?"

"ஊர் முன்னாடிதானே அத்தை அவரும் எங்களை வாசிக்க வெச்சாரு?"

"செத்தவன்கிட்ட என்னடி வம்பு?"

"உயிரோட இருக்கறப்ப அவரு நேரம் குடுக்கல."

அத்தை தாளைக் கீழே வைத்தாள். "எழுதினவ நீ. நீயே வாசிச்சிடு. பாவம் இவன எதுக்கு நிக்க வெக்கற?"

மெர்வி வாயைத் திறப்பதற்குள் எஸ்கோ பன்னை மென்றபடியே சொன்னான்: "வேணாம் அத்தை. என் வரிய அவ நெறைய வாசிச்சிட்டா."

சொன்னதில் கோபம் இல்லை. உப்புக் குறைச்சல் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கோட்டிலிருந்து துகளைத் தட்டினான். மெர்வி மேசையில் கிடந்த பட்டைகளை அடுக்கினாள். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள்.

சாலையைக் கடக்கும்போது கேட்டாள். "நிக்கறப்போ எங்கண்ணா பாக்கற?"

"உன் கையத்தான். பட்டைய எப்ப நகத்துவியோன்னு."

"நான்தான் ஒடனே நகத்திடறேனே."

"நகத்தற. அதுக்குள்ள எங்க இருக்கேன்னே மறந்துபோகுது." மணி அடித்தது. "வா, லேட்டா போனா அவரு உள்ள விடமாட்டாரு."

ஆராதனையில் போதகர், ஓர் ஊருக்கே எழுத்தைத் திறந்துவைத்த கை என்று அப்பாவைப் புகழ்ந்தார். மெர்வி கையுறைக்குள் நகத்தை அழுத்திக்கொண்டு வேறொன்றை யோசித்தாள். கண் ஒரு வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது, எப்போதும் குரலுக்குச் சற்று முன்னால். வாய் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் போயிருக்கும். எஸ்கோவின் கண் மட்டும் ஏன் போகவில்லை? அவள் கையில் என்ன இருக்கிறது? அதற்குள் எல்லாரும் பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மழையும் பனியும் கலந்து சரிந்துகொண்டிருந்தது. எஸ்கோவும் அத்தை பையன்களும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். கிளைகளைப் பரப்பினார்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். அறிவிப்பு பலித்திருந்தது. அடுப்பருகே நின்ற பையனைப் பார்த்துச் சிரித்த தலைகளெல்லாம் வழுக்கையாகவும் நரையாகவும் வரிசையில் நின்று நனைந்தன. பென்த்தியின் காதுகள் குளிரில் சிவந்திருந்தன. வாசிப்பவர் முடிக்கும் வரை யாரும் தொப்பி போட முடியாது. மெர்விக்கு அது இனித்தது.

எஸ்கோ வளையத்தை வைத்துவிட்டுத் தாளைப் பிரித்தான். காற்றில் அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மெர்வி பக்கத்தில் நின்று பட்டையைப் பிடித்தாள்.

"நீங்கள்... நிறுத்திய இட... இடத்திலிருந்து வாசிக்கிறோம், அப்பா."

பின் வரிசையில் யாரோ தலையை நிமிர்த்தினார்கள்.

"இனி எங்களுக்கு அவசரம் இல்லை."

அவள் பட்டையை நகர்த்தினாள். எஸ்கோ நின்றுவிட்டான்.

முதலில் அந்த மௌனம் அவள் கேட்டு வாங்கிய மௌனமாகவே இருந்தது. நனையட்டும், நிற்கட்டும் என்று வரிசையைப் பார்த்தாள். பிறகு அது நீண்டது. முகங்கள் மாறின. பென்த்தி தன் காலணியைப் பார்த்தான், இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் எஸ்கோவுக்காக இரக்கப்படத் தொடங்கியிருந்தார்கள். அதை மெர்வி கேட்கவில்லை. மண்ணுக்குள் கிடக்கிறவர் ஒரு வார்த்தை பேசாமலே மறுபடியும் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அத்தை அரை அடி முன்னால் வந்தாள். தம்பியின் அதே தொண்டை.

"மெர்வி, நீ வாசி."

வரி நாக்கு நுனியில் இருந்தது. எழுதியவள் அவள், தாளே தேவையில்லை. வாய் திறந்தும்விட்டது.

எஸ்கோ அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். வரிக்குக் கீழே நேராக, கட்டைவிரல் மேலே தெரிய, அழுத்திப் பிடித்த கை. இத்தனை வருடமாக அவளுக்கு அப்பாவின் குரல்தான் நினைவில் இருந்தது. அவர் கையை அவள் கண்டதில்லை, தன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால். எஸ்கோ கண்டிருந்தான் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் வரிக்குக் கீழே அப்பாவின் அடிக்கோல். அது நகர்ந்தால்தான் அடுத்த வரி. இரண்டு வரி வரைதான் அப்பாவுக்குப் பொறுமை. அதற்குப் பிறகு கோல் நகராது, மூன்றாம் வரி எப்போதும் தங்கைக்கு.

மெர்வி வாயை மூடினாள். பட்டையைத் தாளிலிருந்து எடுத்து, வாசித்து முடித்த இரண்டு வரிகளின் மேல் வைத்தாள். கீழே மூன்றாவதும் நான்காவதும் திறந்து கிடந்தன. அவள் கை தருவதற்கும் தடுப்பதற்கும் அங்கே எதுவும் இல்லை.

எஸ்கோ அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அவன் கண் தாளில் இறங்கியது.

"எவ்வளவு நேரமானாலும்," என்றான். மூச்சு வாங்கினான். வாங்க வேண்டிய அளவுக்கு வாங்கினான். "கேட்டுக்கொண்டிருங்கள்."

தாளின் ஓர் ஓரத்தை அவளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பட்டையை அவள் விரலிலிருந்து வாங்கி, மூன்றாம் வரியின் மேல் அவனே இறக்கினான். கடைசி வரியைப் பென்த்தி நிற்கும் இடம் வரை கேட்கும்படி வாசித்தான்.

"எழுந்து போக உங்களால் முடியாது."

யாரும் தொப்பியைப் போடவில்லை. எஸ்கோ தாளை மடிக்காமல் நின்றான். கடைசி வரியின் மேலும் பட்டையை இறக்கியிருந்தான்.

இனி வகுப்பிலும் பட்டையை வாசிக்கும் வரிக்கு மேலே வைக்க வேண்டும். வாசித்து முடித்தது மறைய வேண்டும், வரப்போவது திறந்திருக்க வேண்டும், நகர்த்துவது வாசிக்கிறவரின் கையாக இருக்க வேண்டும்.